லேசாத்தான் ஷாக் அடிக்கும்

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம். கிரைண்டர்ல மாவு ஓடிட்டு இருந்தது. "கண்ணு, மாவைக் கொஞ்சம் தள்ளி விடு, பால்காரருக்குக் காசு கொடுத்துட்டு வந்துடறேன்"ன்னு சொல்லிட்டு அம்மா வாசலுக்குப் போயிட்டாங்க. சரின்னு போய் கிரைண்டர் மேல கை வெச்சேன். சுர்ர்ர்.

கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். "அம்மா, இது ஷாக் அடிக்குது!"

வாசல்ல இருந்தே பதில் வந்தது. "கீழ மணை கிடக்குதுல்ல, அதும் மேல நின்னுக்கோ. லேசாத்தான் அடிக்கும்."

"எத்தனை நாளா இப்படி?"

"அது இருக்கும்டா ரெண்டு வருஷம்."

ரெண்டு வருஷம்! வாரத்துக்கு ரெண்டு தடவை மாவாட்டறாங்கன்னு வெச்சாலே இருநூறு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மரப்பலகை மேல நின்னு எங்கம்மா கரண்ட்டோட சமாதானமா போயிருக்காங்க. நான் படிச்சது ட்ரிபிள்-இ. நாலு வருஷம் மோட்டாருக்கு ஈக்குவலண்ட் சர்க்யூட் போட்டவன். இப்ப பொட்டி தட்டற பொழப்புக்கு வந்துட்டாலும், டிகிரி சர்டிஃபிகேட்ல எலெக்ட்ரிக்கல்னுதான் இருக்கு. அந்தப் பையன் வீட்டுலதான் அம்மா மணை மேல நின்னு மாவாட்டறாங்க. வெக்கமா இருந்துச்சு.

வெக்கத்தை விட பயம் அதிகமா இருந்துச்சு. அதுக்குக் காரணம் 'லேசா'ங்கற அந்த வார்த்தை. அதை இதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கேன்.

நான் ஆறாவது படிக்கறப்ப எங்க எதிர் வீட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தவங்க. ஒரு ஐப்பசி மாசம், மழை விட்ட நேரம் பார்த்து ஈரத்துணி காயப்போடப் பின்பக்கம் போனாங்க. பாத்ரூம் லைட்டுக்காக வெளியே இழுத்திருந்த ஒயர், கொடிக்கம்பி மேல உரசி உரசித் தோல் உரிஞ்சிருக்கு. கம்பி முழுக்கக் கரண்ட். ஈரத்துணி, வெறுங்கால், சேறு. நாங்க ஓடிப் போனப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. யாரோ கை காலைத் தேய்ச்சு விட்டாங்க. யாரோ கார் பிடிக்கப் போனாங்க. அவ்வளவுதான்.

இதுல எனக்கு இன்னும் மறக்காத விஷயம் ரெண்டு. ஒண்ணு, அந்த வீட்டு ஃபியூஸ் போகவே இல்ல. யாரோ ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ற வரைக்கும் உள்ளே டிவி ஓடிக்கிட்டே இருந்தது. ரெண்டாவது, அவங்க அம்மா அழுதுக்கிட்டே சொன்னது. ஒரு வாரமா அந்தக் கம்பி லேசா சுர்ருங்குதுன்னு அந்த அக்கா சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம்.

கிரைண்டர் சுர்ருன்ன அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த 'லேசா ஷாக்'கைப் பத்தி மனுஷன் எப்போ, எப்படித் தெரிஞ்சுக்கிட்டான்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்புறம் ஒரு மாசம் ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரம் எல்லாம் இதுதான். காலேஜ்ல யாருமே சொல்லித் தராத கதை.

*

கதை நியூயார்க்ல தொடங்குது. 1880கள்ல அந்த ஊர்த் தெருவுல வானம் தெரியாத அளவுக்குக் கம்பி. தந்திக் கம்பி, டெலிபோன் கம்பி, தெருவுல ஆர்க் விளக்கு எரிய வைக்கற ஹைவோல்டேஜ் கம்பி, எல்லாம் ஒரே கம்பத்துல. ஒரு பக்கம் எடிசனோட டி.சி., இன்னொரு பக்கம் வெஸ்டிங்ஹவுஸோட ஏ.சி., ரெண்டு பேருக்கும் சண்டை. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், விட்டுடுவோம்.

1889 அக்டோபர் 11. மதிய சாப்பாட்டு நேரம். ஜான் ஃபீக்ஸ்னு ஒரு லைன்மேன், மன்ஹாட்டன்ல கம்பம் ஏறித் தந்திக் கம்பிகளுக்கு நடுவுல வேலை பார்த்துட்டு இருந்தார். தந்திக் கம்பியில ஓடறது ரொம்பக் கம்மி வோல்டேஜ்தான். அதைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுங்கறது அவர் தொழில்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா சில தெரு தள்ளி எங்கேயோ அந்தக் கம்பி ஒரு ஹைவோல்டேஜ் ஏ.சி. கம்பி மேல விழுந்து கிடந்தது அவருக்குத் தெரியாது. தொட்டார். முக்கால் மணி நேரத்துக்கு மேல அவரோட உடம்பு கம்பிகளுக்கு நடுவுலயே தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. கீழே சாப்பிட வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கிட்டு நின்னது.

இதுக்கப்புறம்தான் நியூயார்க்ல கம்பிகளை வெட்டி இறக்கி மண்ணுக்கு அடியில கொண்டு போற வேலை வேகம் பிடிச்சது. ஆனா எனக்கு இந்தக் கதையில உறைச்சது வேற. அவரைக் கொன்னது ஆபத்துன்னு எழுதி ஒட்டின கம்பி இல்ல, 'ஒண்ணும் ஆகாது'ன்னு நம்பின கம்பி. நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம ஊர்ல அதேதான் நடக்குது. ட்ரான்ஸ்ஃபார்மர் வேலியில மண்டையோட்டுப் படம் போட்டிருக்கோம், யாரும் கிட்ட போறதில்ல. கொடிக்கம்பியிலயும் கிரைண்டர்லயும் யார் மண்டையோடு வரைஞ்சாங்க?

*

அந்தக் காலத்துல பாதுகாப்புன்னு என்ன இருந்தது? ஃபியூஸ் இருந்தது. எடிசன் தன்னோட மின் விநியோகத்துக்கு 1890ல ஃபியூஸுக்குப் பேட்டண்ட்டே வாங்கி வெச்சிருந்தார். கரண்ட் அளவுக்கு மீறினா ஒரு சின்னக் கம்பி உருகி அறுந்துடும். நல்ல ஐடியாதான். ஆனா அது யாரைக் காப்பாத்த வந்ததுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, ஒரே ஒரு வகுத்தல்தான். ஈரமான உடம்போட ரெசிஸ்டன்ஸ் தோராயமா ஆயிரம் ஓம்னு வெச்சுக்குவோம். நம்ம வீட்டு வோல்டேஜ் 230. வகுத்தா 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஒரு ஆளைக் கொல்ல இதுவே தாராளம். நம்ம கிரைண்டர் பாயிண்ட்டுக்குப் போட்டிருக்கற ஃபியூஸ் 15 ஆம்பியர். அது உருகணும்னா 15ஐ விட நல்லாவே அதிகமாப் போகணும். கொல்ற கரண்ட்டைப் போல அறுபது மடங்குக்கு மேல போனாத்தான் ஃபியூஸுக்கு சொரணையே வரும்! அந்த அக்கா வீட்டு டிவி ஏன் ஓடிக்கிட்டே இருந்ததுன்னு எனக்கு அன்னிக்குப் புரியல, இன்னிக்குப் புரியுது. ஃபியூஸைப் பொறுத்தவரை அந்த வீட்டுல அன்னிக்குக் கூடுதலா ரெண்டு குண்டு பல்பு எரிஞ்சது. அவ்வளவுதான்.

ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. "எங்க வீட்டுல புதுசா எம்.சி.பி. போட்டிருக்கோமே"ன்னு சொல்றவங்களுக்கும் அதே பதில்தான். எம்.சி.பி. திரும்பத் திரும்பப் போடக்கூடிய ஃபியூஸ், அம்புட்டுதான்.

*

அப்போ ஆளைக் காப்பாத்தறது எது? அதுக்கு முதல்ல ஆள் எப்படிச் சாகறான்னு தெரியணும். அதுக்கே ரொம்ப வருஷம் ஆகியிருக்கு.

1899ல ஜெனிவாவுல பிரேவோ, பட்டேல்லின்னு ரெண்டு பேர் நாய்களோட இதயத்துல கரண்ட் விட்டுப் பார்த்தாங்க. ஒரு விநோதமான விஷயம் தெரிஞ்சது. சின்ன ஷாக் கொடுத்தா இதயம் தாளம் தப்பிச் சும்மா நடுங்க ஆரம்பிச்சுடுது. ரத்தம் பம்ப் ஆகறதில்ல. அதே இதயத்துக்குப் பெரிய ஷாக் கொடுத்தா அந்த நடுக்கம் நின்னு, தாளம் திரும்பி வருது. அதாவது சின்ன ஷாக் கொல்லுது, பெரிய ஷாக் காப்பாத்துது. இன்னிக்கு ஆஸ்பத்திரியில நெஞ்சுல ரெண்டு தகடு வெச்சு 'டப்'புன்னு ஷாக் கொடுக்கறாங்களே, அதோட விதை இதுதான். ஆனா இதை அப்போ யாரும் பெருசா கண்டுக்கல.

1920கள்ல அமெரிக்காவுல மின்சாரக் கம்பெனிகளுக்குத் தலைவலி. லைன்மேன்கள் செத்துக்கிட்டே இருந்தாங்க. ஏன், எப்படின்னு கண்டுபிடிக்க அந்தக் கம்பெனிகள் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தாங்க. அதுல இறங்கினவர்கள்ல ஒருத்தர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோட வில்லியம் கௌவன்ஹோவன். டாக்டர் இல்லீங்க, எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் வாத்தியார். நம்ம இனம் :-) நெஞ்சைத் திறக்காம வெளியே இருந்தே ஷாக் கொடுத்து இதயத்தை நேராக்கற மெஷினை 1950கள்ல அவரோட குழு செஞ்சு முடிச்சது.

அப்புறம்தான் பெரிய திருப்பம். 1958ல அந்தக் குழுவுல இருந்த நிக்கர்பாக்கர்ங்கறவர் ஒரு நாய் நெஞ்சுல அந்தக் கனமான தகடுகளை அழுத்தினப்ப, ஷாக் கொடுக்கறதுக்கு முன்னாடியே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறறதைப் பார்த்தார். அழுத்தினதாலயே ஏறுது! அப்போ கையாலயே அழுத்தினா? ஜேம்ஸ் ஜூட்ங்கற டாக்டரோட சேர்ந்து மூணு பேரும் 1960ல அதைக் கட்டுரையா எழுதினாங்க. ரெண்டு கை போதும், எங்கே வேணாலும் செய்யலாம்ங்கறது அதோட சாரம். இன்னிக்கு நாம சி.பி.ஆர்.னு சொல்றோமே, அதுல நெஞ்சை அழுத்தற பாகம் இப்படித்தான் வந்தது. செத்துப்போன லைன்மேன்கள் உலகத்துக்குக் கொடுத்துட்டுப் போன சொத்துன்னு தோணுது.

அந்த வரியைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டேன். அந்த அக்காவுக்குக் கை காலைத் தேய்ச்சு விட்ட அத்தனை பேருக்கும் ரெண்டு கை இருந்தது. எங்கே அழுத்தணும்னு ஒருத்தருக்கும் தெரியல. அழுத்தியிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரல. அழுத்திப் பார்த்திருக்கலாம்.

*

இப்போ அந்த 'லேசா'வுக்கு வருவோம். அதை அளந்து பார்த்தவர் சார்லஸ் டால்ஸியல். கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துல எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். 1940கள்ல அவர் செஞ்ச வேலை கொஞ்சம் கிறுக்குத்தனமாத் தெரியும். தானா முன்வந்தவங்க கையில ஒரு தாமிரக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கரண்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவார். ஒவ்வொரு அளவுலயும் கம்பியை விடச் சொல்லுவார். எந்த அளவுல அவங்களால விட முடியாமப் போகுதுன்னு குறிச்சுக்குவார். 134 ஆண்கள், 28 பெண்கள்.

இங்கே ஒரு விஷயம். நம்ம ஊர்ல ஷாக்குக்கு ரெண்டு விதமா சொல்லுவோம். 'கரண்ட் தூக்கி அடிச்சிருச்சு'ம்போம், 'கரண்ட் பிடிச்சுக்கிச்சு'ம்போம். தூக்கி அடிச்சா பொழைச்சான், பிடிச்சுக்கிட்டா போனான்னு பாட்டிங்க சொல்லுவாங்க. உண்மையில கரண்ட் நம்மைப் பிடிக்கறதில்ல, நாமதான் அதைப் பிடிச்சுக்கறோம். கையில ஓடற கரண்ட், தசைகளைச் சுருங்க வைக்குது. விரலை மூடற தசை, விரிக்கற தசையை விட பலம் ஜாஸ்தி. அதனால கை இறுக மூடிக்கும். மூளை 'விடு விடு'ன்னு கத்தினாலும் கை கேக்காது. டால்ஸியல் அளந்தது நம்ம பாட்டி சொன்ன அந்த 'பிடிச்சுக்கிச்சு'வைத்தான்!

அவருக்குக் கிடைச்ச கணக்கு இது. ஏதோ சுர்ருங்குதுன்னு தெரிய ஆரம்பிக்கறது சுமார் 1 மில்லி ஆம்பியர்ல. விட முடியாமப் போறது ஆண்களுக்கு சராசரியா 16, பெண்களுக்கு 10.5. கிட்டத்தட்ட எல்லாராலயும் விட முடியற பத்திரமான எல்லைன்னா ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6.

இந்த நம்பரை மறுபடி ஒரு தடவை பாருங்க. 'லேசா அடிக்குது'ங்கறதுக்கும் 'கையை எடுக்க முடியல'ங்கறதுக்கும் நடுவுல இருக்கறது அஞ்சாறு மில்லி ஆம்பியர்தான். காஞ்ச மணை மேல நிக்கறப்ப 1. தரையில தண்ணி சிந்தியிருந்து, மணையும் நனைஞ்சு, மாவு கையோட தொட்டா? அது 1லயே நிக்கும்னு என்ன உத்தரவாதம்? மோட்டார்ல இன்சுலேஷன் இன்னிக்குக் கொஞ்சமாத்தான் கெட்டிருக்கு, நாளைக்கும் அப்படியே இருக்கணும்னு அவசியமில்ல. விரலுக்கு 'சுர்' மட்டும்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி எவ்வளவு காத்துக்கிட்டு இருக்குன்னு விரலுக்குத் தெரியாது.

ஆபீஸ்ல நம்ம மக்கள் சில பேர் சொல்லுவாங்க, மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜ் போட்டுத் தடவினா விர்ர்னு இருக்குன்னு. அது பெரும்பாலும் சார்ஜருக்குள்ள இருக்கற ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியா வர்றது. கசியற அளவை வேணும்னே ரொம்பக் குறைவா வெச்சுத்தான் அதை டிசைன் பண்ணியிருப்பாங்க. ஆனா விரலுக்கு அந்த விர்ரும் கிரைண்டர் சுர்ரும் ஒண்ணுதான். ஒண்ணுக்கு எல்லை உண்டு, இன்னொண்ணுக்கு எல்லை இல்ல. அதனாலதான் 'எனக்கு ஒண்ணும் ஆகலையே'ங்கறது இந்த விஷயத்துல செல்லாது.

*

டால்ஸியல் அளந்து கொடுத்தாச்சு. அந்த அளவுக்குச் சின்னக் கரண்ட்டைப் பிடிக்கற கருவி? அது வந்தது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துல இருந்து.

யோசனை ரொம்ப எளிமை, நம்ம மளிகைக்கடை அண்ணாச்சி கணக்குதான். ஃபேஸ்ல எவ்வளவு போச்சோ அவ்வளவும் நியூட்ரல்ல திரும்பி வரணும். ரெண்டு ஒயரையும் ஒரு காந்த வளையத்துக்குள்ள விட்டா, போறதும் வர்றதும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு பூஜ்யம் ஆகிடும். கணக்கு டேலி ஆகலைன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம், ஒருவேளை ஒரு ஆள் உடம்பு வழியாத் தரைக்கு. உடனே கட். எத்தனை ஆம்பியர் ஓடுதுங்கறது இதுக்குக் கவலையே இல்ல. வித்தியாசம்தான் முக்கியம். ஃபியூஸ் கேக்காத கேள்வியை இது கேக்குது.

யோசனை பழசுதான். ஆனா அந்தக் காலக் கருவிகளுக்கு சுமார் 10 ஆம்பியர் கசிஞ்சாத்தான் தெரியும். அதுக்குள்ள ஆள் போயிடுவான். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஆல்பர்ட்டன்ல ஒரு மின்கருவிக் கம்பெனியில இன்ஜினியரா இருந்தவர் ஹென்றி ரூபின். சுரங்கத்துக்காக 1955ல 250 மில்லி ஆம்பியருக்கு ட்ரிப் ஆகற ஒண்ணைச் செஞ்சார். அதோட நிக்காம 1956லயே 12.5ல இருந்து 17.5 மில்லி ஆம்பியருக்குள்ள ட்ரிப் ஆகற மாதிரி புதுசா ஒரு மாடல் செஞ்சுட்டார். பத்து ஆம்பியர் எங்கே, இது எங்கே!

இது சுரங்கத்துக்குன்னு யோசிச்ச ஆராய்ச்சி. வீட்டுக்கு எப்படி வந்தது? ஸ்டில்ஃபோன்டெய்ன்ங்கற தங்கச் சுரங்க ஊர்ல ஒரு பெண் தன் வீட்டுலயே ஷாக் அடிச்சு இறந்து போனாங்க. அதுக்கப்புறம் 1957லயும் 58லயும் அந்த ஊர்ல சில நூறு வீடுகள்ல 20 மில்லி ஆம்பியர் கருவியை மாட்டினாங்க. அந்தப் பெண் யாரு, என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு நான் படிச்ச எதுலயும் இல்ல. ஆனா எனக்குப் படிக்கறப்ப கண் முன்னாடி வந்தது ஈரத்துணியோட நிக்கற எங்க எதிர் வீட்டு அக்காதான்.

ஒரு கொசுறு. கோயம்புத்தூர்ல பி. சபாபதி மாவாட்டற வெட் கிரைண்டரைக் கண்டுபிடிச்சதாச் சொல்ற வருஷமும் 1955தான். நோயும் மருந்தும் ஒரே வருஷத்துல உலகத்தோட ரெண்டு மூலையில பொறந்திருக்கு. கிரைண்டர் நம்ம சமையல்கட்டுக்குள்ள வந்துடுச்சு. மருந்துதான் வழி தவறிடுச்சு :-(

அமெரிக்காவுல டால்ஸியலே 1961ல 5 மில்லி ஆம்பியர்ல கட் ஆகற கருவியை உருவாக்கினார். அங்கேயும் ஒரே நாள்ல வந்துடல. 1968ல நீச்சல் குளத்துத் தண்ணிக்கடி விளக்குக்கு, 1975ல பாத்ரூமுக்கு, 1987லதான் சமையலறைக்குன்னு விதிகள் ஒவ்வொண்ணா வந்தது. நம்ம ஊர்ல மத்திய மின்சார ஆணையம் 2010ல போட்ட பாதுகாப்பு விதியில வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர்னு இருந்தது. ஆனா அப்போ 5 கிலோவாட்டுக்குக் கீழ இருக்கற சாதாரண வீடுகளுக்கு அதுல விலக்கு இருந்தது. அதாவது ஏ.சி. ரூம்ல செருப்பு போட்டு நடக்கற வீட்டுக்கு அப்போ கட்டாயமா இருந்தது. வெறுங்காலோட கொல்லைப்பக்கம் துணி துவைக்கற வீட்டுக்குக் கட்டாயம் இல்லாம இருந்தது.

*

சரி, வீட்டுக் கதைக்கு வருவோம். அடுத்த வாரமே லீவு போட்டுட்டுத் திரும்ப ஊருக்குப் போனேன். தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன்.

"தம்பி, எர்த் எல்லாம் யாரு பாக்கறாங்க. எல்லா வீட்டுலயும் இப்படித்தான்"னு சொல்லிக்கிட்டே கிரைண்டர் சுவிட்ச் போர்டைக் கழட்டினார். மூணு ஓட்டை சாக்கெட். மேல இருக்கற பெரிய ஓட்டைதான் எர்த். பிளக்குல அந்தப் பின் மத்த ரெண்டை விட நீளமா இருக்கறது சொருகறப்ப அது முதல்ல தொடணும், பிடுங்கறப்ப கடைசியா விடணும்னுதான். எங்க போர்டுல அந்த ஓட்டைக்குப் பின்னாடி பச்சை ஒயர் இருந்தது, சாக்கெட்லயும் மாட்டியிருந்தது. பின்பக்கம் போய் எர்த் குழியைத் தேடினா குழியே இல்ல. சில வருஷத்துக்கு முன்னாடி கொல்லையில சிமெண்ட் போட்டப்ப குறுக்க வந்த கம்பியை வெட்டி விட்டு மேல பூசிட்டாங்க. பச்சை ஒயர் சுவத்துக்குள்ள வந்து அந்தரத்துல முடியுது. வீட்டுல எல்லா மூணு பின் பிளக்கும் இத்தனை நாளா சும்மா அழகுக்கு.

புதுசா எர்த் குழி தோண்டினோம். மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினோம். கடையில பழைய பழக்கத்துல ஈ.எல்.சி.பி.ன்னுதான் கேப்பாங்க, அப்படிக் கேட்டாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. கருவி மட்டும் ரெண்டாயிரம் ரூபாய் சில்லறை. எல்லாம் முடிஞ்சு கிரைண்டரைப் போட்டதும் டப்புன்னு மொத்த வீடும் ஆஃப். மறுபடி போட்டோம், மறுபடி டப்.

அம்மா கோவமா வந்தாங்க. "ஏன்டா, ரெண்டு வருஷமா நல்லா ஓடிட்டு இருந்த கிரைண்டரைக் கெடுத்துட்டியா? மாவு பாதியில நிக்குது. அந்த மெஷினைக் கழட்டு முதல்ல."

எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னார். "அம்மா, கிரைண்டர் இப்ப கெடலைங்க. ரெண்டு வருஷமா கெட்டுக் கிடந்ததை இப்பத்தான் இது சொல்லுது." அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

மோட்டார் கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். கிரைண்டர் பாடிக்குள்ள ஒயர் நுழையற இடத்துல ரப்பர் புஷ் இல்ல. தகரம் உரசி உரசி ஒயர் தோல் உரிஞ்சு, அதுல மாவுத் தண்ணி இறங்கியிருந்தது. கொடிக்கம்பி மேல உரசின ஒயர் மாதிரியே. சரி பண்ண ஒரு மணி நேரம்தான் ஆச்சு.

*

நான் கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்லி முடிச்சுக்கறேன்.

'லேசா' ஷாக் அடிக்கற எதையும் அந்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்கி ஓரமா வைங்க. மணை, ரப்பர் செருப்பு எல்லாம் வைத்தியம் இல்ல. குழாயைத் திறந்தா சுர்ருன்னாலும் சரி, கொடிக்கம்பி சுர்ருன்னாலும் சரி, அதே விதிதான். இரும்புக் கம்பிக்குப் பதிலா நைலான் கயிறு கட்டுங்க.

மூணு பின் பிளக்கோட எர்த் பின்னை உடைச்சு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகாதீங்க. பச்சை ஒயர் எங்கே போய் முடியுதுன்னு ஒரு தடவை எலெக்ட்ரீஷியனை வெச்சுப் பாருங்க. வாடகை வீடுன்னா குடி போறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க.

ஆர்.சி.சி.பி. இருந்தா அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை அமுக்குங்க, ட்ரிப் ஆகணும். இன்வெர்ட்டர் மாட்டறப்ப நியூட்ரலைக் கலந்துட்டா அடிக்கடி ட்ரிப் ஆகும். உடனே 'தொல்லை'ன்னு பைபாஸ் பண்ணிடுவாங்க. விடாதீங்க, ஒயரிங்கைச் சரி பண்ணச் சொல்லுங்க. இதுக்கும் ஒரு எல்லை உண்டு. காஞ்ச பலகை மேல நின்னு ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா, கணக்கு டேலி ஆகிடும், அதுக்குத் தெரியாது. அதனால இது இருக்குன்னு தைரியமா கையை விடாதீங்க.

யாரையாவது கரண்ட் 'பிடிச்சுக்கிட்டா' ஓடிப்போய்த் தொடாதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. முடியலைன்னா, வீட்டுக் கரண்ட்டா இருந்தா மட்டும், காஞ்ச கட்டையால விலக்குங்க. மூச்சும் பேச்சும் இல்லைன்னா 108க்கு ஒருத்தர் போன் போடட்டும். இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு, அஞ்சு சென்டிமீட்டர் அமுங்கற மாதிரி, நிமிஷத்துக்கு நூறுல இருந்து நூத்தி இருபது தடவை அழுத்திக்கிட்டே இருங்க. கை காலைத் தேய்க்காதீங்க.

போன வாரம் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். கிரைண்டர் ஓடிட்டு இருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. அம்மா வந்தாங்க. காலால மணையை இழுத்துப் போட்டு அது மேல ஏறி நின்னு மாவை வழிச்சாங்க.

"இப்பத்தான் ஷாக் அடிக்கலையேம்மா, எதுக்கு மணை?"

"பழகிடுச்சுடா. இருக்கட்டும், கால் வலிக்காம இருக்கு."

சரின்னு விட்டுட்டேன். உங்க வீட்டுல இப்படி எது மேல நின்னுக்கிட்டு எதைத் தொடறாங்கன்னு இன்னிக்கு ராத்திரி ஒரு போன் போட்டுக் கேளுங்க. பதில் என்ன வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: அடியேன் ட்ரிபிள்-இ படிச்சிருக்கேனே தவிர, லைசென்ஸ் வாங்கின வயர்மேன் இல்ல. இதைப் படிச்சுட்டு நீங்களே போர்டைக் கழட்டாதீங்க, தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க :-)